ராக்கெட் பக்கம் கூட்டம். இந்தப் பக்கம் வாங்க

ஏரோஸ்பேஸ் முடித்த யாரிடமாவது என்ன வேலை வேண்டும் என்று கேளுங்கள். 'ராக்கெட் இன்ஜின் டிசைன்' என்பார்கள். மெக்கானிக்கல் முடித்தவரும் அதையேதான் சொல்வார். எல்லோரும் ஒரே வாசலில் முண்டியடிக்கிறார்கள். பக்கத்து வாசலில் ஆள் குறைவு. அதன் பெயர் ஸ்பேஸ் டிராஃபிக் மேனேஜ்மென்ட். மேலே போன செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதாமலும், செத்துப்போன ராக்கெட் துண்டுகளில் இடிக்காமலும், ஆயுள் முடிந்ததும் ஒழுங்காகக் கீழே இறங்கும்வரையிலும் பார்த்துக்கொள்ளும் வேலை அது. கவுன்ட் டவுன் கிடையாது, கைதட்டல் கிடையாது, டிவி கேமராவும் இந்தப் பக்கம் திரும்பாது. போட்டி குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அது லாபம்.

டிமாண்ட் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பிய விண்வெளி முகமையின் 2025 அறிக்கைப்படி, கண்காணிப்பில் இருக்கும் பொருள்கள் சுமார் 40,000. அதில் உயிரோடு இயங்குபவை 11,000 அளவில்தான். 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சத்தைத் தாண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அவற்றில் பெரும்பாலானவை ரேடாருக்கே சிக்காது. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையிலான ஆறு மாதத்தில் மட்டும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் மோதலைத் தவிர்க்க சுமார் 1,44,000 தடவை பாதை மாறியிருக்கின்றன. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 800.

"அதையெல்லாம் சாஃப்ட்வேரே செய்துவிடுகிறதே, எனக்கென்ன வேலை?" நியாயமான கேள்வி. ஸ்டார்லிங்க் தன் செயற்கைக்கோளைத் தானே நகர்த்திக்கொள்ளும், சரி. எதிரே வருவது வேறொரு நாட்டுக்காரருடையது, அவரும் நகர்த்தப்போகிறார் என்றால்? இரண்டு பேரும் ஒரே பக்கம் நகர்ந்துவிட்டால்? யார் முதலில் வழிவிட வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி வானத்தில் இன்றுவரை இல்லை. அந்த ஓட்டையில்தான் உங்கள் சம்பளம் இருக்கிறது.

1. வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"ஸ்பேஸ்னா எனக்குச் சின்ன வயசுல இருந்தே பேஷன் சார்" என்று இன்டர்வியூவைத் தொடங்குகிறவரை, அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறந்துவிடுவார்கள். அங்கே மேஜையில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் நினைவில் நிற்பார்.

நடப்பது இதுதான். அமெரிக்க விண்வெளிப் படையின் ஸ்பேஸ் டிஃபென்ஸ் ஸ்குவாட்ரன் ஒன்று, ரேடார் மற்றும் டெலஸ்கோப் டேட்டாவை வைத்து எது எதன் அருகில் வரப்போகிறது என்று கணக்கிடுகிறது. நெருக்கம் தெரிந்தால் ஆப்பரேட்டருக்கு ஒரு 'கன்ஜங்ஷன் டேட்டா மெசேஜ்' போகும். துறையில் எல்லோரும் சி.டி.எம். என்பார்கள். வரிவரியாக வெறும் எண்கள்: மிக நெருங்கும் நேரம், இடைவெளி, வேகம், இரண்டு பொருள்களும் இருக்கும் இடம் எவ்வளவு தூரம் முன்பின்னாக இருக்கலாம் என்ற நிச்சயமின்மைக் கணக்கு. ஒரே சம்பவத்துக்கு நெருக்க நேரம் வரை புதுப்புது சி.டி.எம். வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கற்பனை உதாரணம். செவ்வாய் மாலை வரும் மெசேஜ்: வெள்ளி காலை நெருக்கம், இடைவெளி 900 மீட்டர், மோதும் வாய்ப்பு 40,000-இல் 1. புதியவர் 'சேஃப்' என்று மூடிவைப்பார். அனுபவசாலி நிச்சயமின்மை எண்களுக்குப் போவார். அந்தக் குப்பைத் துண்டை ரேடார் பார்த்து நான்கு நாளாகிறது. பாதை நெடுக அது பல கிலோமீட்டர் முன்னேயோ பின்னேயோ இருக்கலாம். நிச்சயமின்மை அளவுமீறிப் பெரிதாகும்போது, மோதும் வாய்ப்பு காகிதத்தில் தானாகவே சுருங்கிவிடும். இதை டைல்யூஷன் என்பார்கள். '40,000-இல் 1' என்று அங்கே எழுதியிருப்பதற்கு 'எங்களுக்குத் தெரியாது' என்றுதான் பொருள்.

புதன் இரவு புது டேட்டா வருகிறது. நிச்சயமின்மை குறைகிறது, வாய்ப்பு 4,000-இல் 1 ஆக ஏறுகிறது. பல அமைப்புகள் செயலில் இறங்கும் எல்லை 10,000-இல் 1. இப்போது என்ன செய்வீர்கள்? நகர்த்தினால் எரிபொருள் போகும், படமெடுக்கும் வேலை சில மணி நேரம் நிற்கும், புதுப் பாதையில் வேறொன்று எதிரே வந்தாலும் வரும். வியாழன் காலை வரை பொறுத்தால் வாய்ப்பு சரிந்து ஒன்றுமில்லாமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

ஐப்பசி மழையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்கூல் லீவு விடுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கும் கலெக்டரின் நிலைமை இது. லீவு விட்டு வெயில் அடித்தாலும் திட்டு, விடாமல் கொட்டித் தீர்த்தாலும் திட்டு. அந்த மணியில் கையில் இருந்த தகவலை வைத்து முடிவெடுத்தீர்களா, ஏன் எடுத்தீர்கள் என்று எழுதிவைத்தீர்களா என்பதைத்தான் பிறகு பார்ப்பார்கள்.

2. கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது

2009 பிப்ரவரி 10. சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்ய காஸ்மோஸ் 2251-ம் மோதின. பொதுவில் கிடைக்கும் டேட்டாவை வைத்து நெருக்கங்களைக் கணிக்கும் செலஸ்ட்ராக், இந்த ஜோடிக்குச் சொல்லியிருந்த இடைவெளி 584 மீட்டர். அன்றைய பட்டியலில் அது முதல் பத்தில்கூட வரவில்லை. அதைவிட நெருங்கிப் போகும் என்று கணித்த ஜோடிகள் எல்லாம் தப்பித்தன; இது மோதியது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 2,000 துண்டுகளுக்கு மேல் சிதறின.

கணிப்பு ஏன் பிசகியது? டி.எல்.இ. எனப்படும் அந்தப் பொது டேட்டாவின் துல்லியமே கிலோமீட்டர் கணக்கில்தான். 584 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கூடக் குறைய இவ்வளவு' என்று போட அதில் இடம் இல்லை. ஆகவே எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். சீனியர்கள் முதலில் கவனிப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

படிக்க வேண்டியவை: சுற்றுப்பாதை இயக்கவியல், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு. மூன்றாவதைக் கல்லூரியில் பாஸ் மார்க்குக்குப் படித்திருந்தால் மறுபடி உட்காருங்கள். இந்த வேலையில் பாதி அதுதான். டேவிட் வலாடோவின் அஸ்ட்ரோடைனமிக்ஸ் புத்தகம் துறையின் பாடநூல். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம், யாரும் அதை அட்டை முதல் அட்டை வரை படிப்பதில்லை. பைத்தானில் எஸ்.ஜி.பி.4, ஸ்கைஃபீல்டு லைப்ரரிகளில் தொடங்குங்கள். பிறகு ஓரெகிட், நாசாவின் ஜிமேட். நான்கும் இலவசம். கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கும் எஸ்.டி.கே. உங்கள் காலேஜ் லேபில் இருந்தால், லைசென்ஸ் முடிவதற்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

3. எல்லோரும் போடும் புராஜெக்டைப் போடாதீர்கள்

பூமி உருண்டையைச் சுற்றி ஆயிரம் புள்ளிகள் ஓடும் அனிமேஷன். அழகாக இருக்கும். எல்லோருடைய கிட்ஹப்பிலும் இருக்கும்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2019-இல் ஒரு போட்டி நடத்தியது. உண்மையான சி.டி.எம்.களை அடையாளம் மறைத்துக் கொடுத்து, நெருக்கத்துக்கு இரண்டு நாள் முன்புவரை வந்த மெசேஜ்களை மட்டும் பார்த்துக் கடைசி நிலவரத்தைக் கணிக்கச் சொன்னார்கள். அந்த டேட்டா இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 'கடைசியாக வந்த எண்ணே தொடரும்' என்ற சோம்பேறிக் கணிப்பைத் தோற்கடிக்கவே பெரும்பாலான டீம்கள் திணறின. மெஷின் லேர்னிங் என்று ரெஸ்யூமேயில் எழுதுவதற்கு முன்பு இந்தத் தகவலை மனதில் வையுங்கள்.

அந்த டேட்டாவை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த எல்லையில் 'நகர்த்து' என்று முடிவெடுத்தால் எத்தனை வீண் நகர்த்தல், எத்தனை தவறவிட்ட ஆபத்து? பதிலை இரண்டு பக்கத்தில், ஒரு வரைபடத்தோடு எழுதுங்கள். ஆள் எடுப்பவர் உங்கள் புரோகிராமை வரிவரியாகப் படிக்க மாட்டார். இரண்டு பக்கம் என்றால் படிப்பார்.

கூடவே, தினம் காலையில் பத்து நிமிடம் செலஸ்ட்ராக்கின் நெருக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரண்டு மாதத்தில் எந்த உயரத்தில் நெரிசல், எந்தப் பழைய ராக்கெட் உடல்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன என்பது மனப்பாடமாகிவிடும். இன்டர்வியூ மேஜையில் அந்தப் பரிச்சயம் தானாக வெளியே வரும். நடித்து வரவழைக்க முடியாது.

4. மெயில் எழுதத் தெரிந்தவருக்கு முன்னுரிமை

கணக்கில் கெட்டிக்காரர்கள் பலர் சறுக்கும் இடம் இது. நீங்கள் முந்திக்கொள்ளக்கூடிய இடமும் இதுவே.

2019 ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோளும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் 44-ம் நெருங்கப்போவது தெரிந்தது. முதலில் இரு தரப்பும் மெயிலில் பேசிக்கொண்டபோது மோதும் வாய்ப்பு 50,000-இல் 1 அளவில்தான். நகர்த்தும் திட்டமில்லை என்றது ஸ்பேஸ்எக்ஸ். பிறகு வாய்ப்பு 1,000-இல் 1-ஐத் தாண்டியது. தங்கள் ஆன்-கால் பேஜிங் சிஸ்டத்தில் இருந்த ஒரு பக் காரணமாக, அடுத்து வந்த தகவல் தங்கள் ஆப்பரேட்டர் கண்ணில் படவில்லை என்று பின்னர் ஸ்பேஸ்எக்ஸே விளக்கம் கொடுத்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி ஏயோலஸ்தான் த்ரஸ்டரை இயக்கி விலகிப்போனது. ராக்கெட் சயின்ஸில் யாரும் தோற்கவில்லை. மெசேஜ் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எதிர்த்தரப்புக்கு எழுதும் மெயில் இப்படி இருக்கட்டும்:

"எங்கள் செயற்கைக்கோளும் உங்களுடையதும் மார்ச் 14, 03:12 யு.டி.சி.க்கு நெருங்குகின்றன. மோதும் வாய்ப்பு இப்போது 4,000-இல் 1. நீங்கள் நகர்த்துகிறீர்களா என்று மார்ச் 13, 18:00 யு.டி.சி.க்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் நாங்கள் பாதையை உயர்த்துவோம். நீங்கள் இருக்கும் பாதையிலேயே இருங்கள். இந்த ஷிஃப்டில் நான்தான். போன் நம்பர் கீழே."

வணக்கமும் 'நலமா'வும் பிறகு. என்ன, எப்போது, உங்களிடம் என்ன வேண்டும், பதில் இல்லையென்றால் நான் என்ன செய்வேன்: இந்த நான்கும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். நேரத்தை எப்போதும் யு.டி.சி.யில் எழுதுங்கள். பழக்கதோஷத்தில் இந்திய நேரத்தைப் போட்டுவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகும். அதற்குள் கீழ்ச் சுற்றுப்பாதையில் இருப்பது பூமியை மூன்று தடவைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும்.

நன்றாக நடந்ததற்கும் உதாரணம் உண்டு, அதுவும் நம்மிடமே. 2021 அக்டோபரில் நிலவின் வடதுருவத்துக்கு மேலே சந்திரயான்-2 ஆர்பிட்டரும் நாசாவின் எல்.ஆர்.ஓ.வும் நெருங்கவிருந்தன. இரு தரப்பும் முன்கூட்டியே கணக்கை ஒப்பிட்டு, யார் நகர்வது என்று பேசி முடித்து, 18-ஆம் தேதி இஸ்ரோ நகர்த்தியது. செய்தித்தாளில் சின்னதாகத்தான் வந்தது. இந்தத் துறையில் வெற்றி அப்படித்தான் இருக்கும்.

5. ஒவ்வொரு புது விதியும் ஒரு வேகன்சி

'சஸ்டெய்னபிலிட்டி' என்ற சொல்லைக் கவர் லெட்டரில் மூன்று தடவை போட்டால் வேலை கிடைக்காது. விதிகளைப் படித்தவருக்குக் கிடைக்கும்.

ஆயுள் முடிந்த செயற்கைக்கோள் 25 வருடத்துக்குள் இறங்கினால் போதும் என்பது நெடுங்கால வழக்கம். தன்னிடம் லைசென்ஸ் பெறும் கீழ்ச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு அதை 5 வருடமாக்க அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2022 செப்டம்பரில் முடிவெடுத்தது. 2023 அக்டோபரில் டிஷ் நிறுவனத்துக்கு 1,50,000 டாலர் அபராதம் போட்டது. எக்கோஸ்டார்-7 செயற்கைக்கோளைப் புவிநிலைப் பாதையிலிருந்து 300 கிலோமீட்டர் மேலே ஏற்றி ஓய்வுகொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். எரிபொருள் கணக்கு தப்பியது. 122 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. தொகை அவர்களுக்குச் சில்லறைதான். ஆனால் விண்வெளிக் குப்பைக்காக எஃப்.சி.சி. போட்ட முதல் அபராதம் அது. அன்றிலிருந்து எரிபொருள் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவரின் மதிப்பு எவ்வளவு என்று நிர்வாகங்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

இந்தியாவும் 2030-க்குள் குப்பையில்லாத விண்பயணங்கள் என்று 2024-இல் இலக்கு அறிவித்திருக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2023 மார்ச் 7-ஆம் தேதி, மேகா-டிராபிக்ஸ்-1 செயற்கைக்கோளை இஸ்ரோ பசிபிக் கடலுக்கு மேலே கட்டுப்பாட்டோடு இறக்கியது. அப்படி இறங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட செயற்கைக்கோளே இல்லை அது. நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சமிருந்தது. அதை வைத்துப் படிப்படியாகப் பாதையைத் தாழ்த்தினார்கள். இந்த ஒரு ஆபரேஷனை ஆழமாகப் படித்துவையுங்கள். எந்த இன்டர்வியூவிலும் கைகொடுக்கும்.

சட்டம், காமர்ஸ் படித்தவர்களும் இங்கே காதைக் கொடுங்கள். 1972 பொறுப்புடைமை ஒப்பந்தப்படி, விண்பொருள் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால் ஏவிய நாடு தவறே செய்யாவிட்டாலும் நஷ்டஈடு தர வேண்டும். சுற்றுப்பாதையில் மோதினால் அப்படியில்லை. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் எங்கிருந்து வரும்? ஷிஃப்ட் லாகிலிருந்தும் மெயிலிலிருந்தும். இன்ஷூரன்ஸ், கான்ட்ராக்ட், லைசென்சிங் எல்லாவற்றுக்கும் இந்த ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். இப்போதைக்கு அப்படிப்பட்டவர்கள் அரிது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு இன்டர்வியூ என்றால் ஏவுகணையால் செயற்கைக்கோளைத் தகர்த்த 2019-இன் மிஷன் சக்தி சோதனை பற்றிக் கேட்பார்கள். மார்பைத் தட்டவும் வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். நடந்த உயரம் சுமார் 283 கிலோமீட்டர், அதனால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரமே எரிந்துபோயின, சில துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தைவிட உயரமாக எறியப்பட்டு அதிக காலம் சுற்றின என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். அதுவே நீங்கள் புரொஃபஷனல் என்பதைச் சொல்லிவிடும்.

6. எந்தக் கதவைத் தட்டுவது

இஸ்ரோவில் இதற்கென்றே ஐ.எஸ்.4.ஓ.எம். என்ற மையம் பெங்களூரில் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. ராக்கெட் கிளம்பும் நேரத்தையும் இத்தகைய கணக்குதான் தீர்மானிக்கிறது: 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியது மோதல் பயத்தால் 4 விநாடி தள்ளித்தான். ஆனால் இஸ்ரோ தேர்வில் ஜெயித்தாலும் எந்த மையம், எந்தப் பிரிவு என்பது உங்கள் கையில் இல்லை. அதை மட்டும் நம்பி இரண்டு வருடத்தைக் கரைக்காதீர்கள்.

தனியாரில் முதலில் பார்க்க வேண்டியது பெங்களூரின் டிகந்தரா. விண்வெளிப் பொருள்களைக் கண்காணிப்பதே அவர்கள் தொழில். அதைவிட முக்கியமாக, சொந்தமாகச் செயற்கைக்கோள் வைத்திருக்கும் எந்த ஸ்டார்ட்அப்பும் சி.டி.எம். படிக்க ஒருவரை வைத்தே ஆக வேண்டும். விளம்பரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரண்டு பக்க ரிப்போர்ட்டை இணைத்து ஆபரேஷன்ஸ் ஹெட்டுக்கு நேராக எழுதுங்கள். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் ஓடத் தொடங்கினால், சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மோதல் கணக்கு ஒன்று போட்டாக வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகள் இன்றே தயாராகலாம்.

அமெரிக்கா? ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் பல கம்பெனிகள் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டுக்காரர்களையும் மட்டுமே எடுக்கின்றன. விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் நிரந்தர வேலைகளுக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பாவின் தனியார் நிறுவனங்களும், குப்பை அகற்றும் தொழிலில் இருக்கும் டோக்கியோவின் ஆஸ்ட்ரோஸ்கேலும் முயன்று பார்க்கத் தக்கவை.

7. சூரியனையும் கொஞ்சம் கவனியுங்கள்

இது தனித்துத் தெரிய விரும்புபவர்களுக்கு. சூரியப் புயல் அடித்தால் மேல் வளிமண்டலம் சூடாகி விரியும், இழுவை கூடும், அத்தனை கணிப்பும் பிசகும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இதனால் திரும்பி விழுந்தன. இயற்பியல் படித்தவருக்கு இது நல்ல குறுக்குவழி. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சூரியப் பதிவுகள் உண்டு, எம்.எஸ்சி. புராஜெக்டை அந்தப் பக்கம் திருப்பினால் சுற்றுப்பாதை ஆட்களுக்கும் உங்களைப் பிடிக்கும், சூரிய ஆட்களுக்கும் பிடிக்கும்.

8. ஆஃபர் கைக்கு வந்ததும்

வேலை ஷிஃப்டில்தான் இருக்கும். நெருக்கங்களுக்குத் தீபாவளியும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. ஆன்-கால் அலவன்ஸ் தனியாக உண்டா, மாதத்துக்கு எத்தனை இரவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளப் பேச்சில் 'நான் ஃபிரெஷர்' என்று நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இதில் அனுபவசாலிகளே குறைவு. அது அவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக, உங்கள் முறை வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி மூன்று மணிக்கு வாய்ப்பு எல்லையைத் தாண்டினால், நகர்த்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?" ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு என்று பதில் வந்தால் நல்ல இடம். இன்னாருக்கு, அவர் எடுக்காவிட்டால் இன்னாருக்கு என்று வரிசை சொன்னாலும் சரி. எதிரே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த அதிகாரத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் இன்னொரு ஆஃபரைப் பாருங்கள்.